வாபஸ் வாங்காத ஆசை

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் செல்வி காபிப் பொடி கேட்டு வந்தாள். வந்தவள் பொடியை மறந்துவிட்டாள். காரணம், என் மேஜையில் கிடந்த ஒரு கிராஃபிக் நாவல்.

படக்கதைதான்... அட்டை கனமானால் பெயரும் மாறிவிடுகிறது. கதை என்ன தெரியுமா? ஆசைகளை விற்கும் பெரிய ஏசி கடை. வெளிநாட்டு வேலை ஓர் அடுக்கில், சொந்த வீடு இன்னொன்றில். எடுத்து பில் போட்டால் போதும், பலித்துவிடும். பிறகு வேண்டாமென்று தோன்றினால்? கல்லாவுக்கு மேலே போர்டு தொங்குகிறது — விற்ற ஆசை திரும்பப் பெறப்படமாட்டாது.

செல்வி அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"நம்மூரு கோயிலு தேவலாம்க்கா. இங்க வாபஸ் இருக்குது" என்றாள்.

உண்மைதான். விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து முருகன் கோயிலில் வேண்டுதலை வாயால் சொன்னால் போதாது. கோர்ட்டில் போடுகிற மாதிரி பேர், ஊர் எல்லாம் எழுதி, கட்டணம் செலுத்தி, பிராது கட்ட வேண்டும். காரியம் முடிந்ததும் மறுபடி போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். கேஸைப் பாதியில் விடக் கூடாது.

செல்வி விட்டிருந்தாள். மூன்று வருடம் முன்பு, புருஷன் ஏழுமலைக்கு துபாய் வேலை கிடைக்க வேண்டுமென்று பிராது கட்டினாள். கிடைத்தது. விசா, பெட்டி, ஏர்போர்ட் என்ற அவசரத்தில் வாபஸ் மறந்தே போனது. இப்போது அவன் திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது அவளுக்கு. அவனோ கான்ட்ராக்டை நீட்டிக்கொண்டே போகிறான்.

"பழைய பிராது இன்னும் நடப்புல இருக்குதுக்கா. அதான் அவர வுட மாட்டேங்குது. போன்ல நல்லாருக்கேன்னுதான் சொல்றாரு... கொரலு நல்லாயில்ல."

செல்விக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. பியூஸ் கட்டையைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பவள். அந்தக் காதை நான் சந்தேகப்பட முடியுமா? எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாளே இரண்டு பேரும் ஆட்டோவில் போய் வாபஸ் எழுதிக் கொடுத்தோம். அவளுக்கு நிம்மதி. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே... வெளியே வந்ததும் கேட்டேன்.

"சாமிக்கு எழுதிக் குடுத்தாச்சு. அவன்கிட்ட வந்துடுன்னு எப்பவாவது சொன்னியாடி?"

சொல்லவே இல்லையாம்! ஆசைப்பட்டு அனுப்பிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறாள். கடையில் கேட்கிறோம், கோயிலில் கேட்கிறோம். கட்டின புருஷனிடம் கேட்க மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு கூச்சம் வருகிறதோ!

செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே போன் போட வைத்தேன். விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு ஸ்பீக்கரில் ஏழுமலையின் குரல் உடைந்து வந்தது.

"நீ ஆசப்பட்டுதான அனுப்புன... நீ கூப்புடாம நான் எப்புடி செல்வி வர்றது?"

பொங்கலுக்கு வருகிறான். டிக்கெட் போட்டாகிவிட்டது.

இந்தப் பத்திரிகையில் பத்தி எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைக்க வேண்டுமென்று முன்பு நான் கட்டிய பிராது? அதை வாபஸ் வாங்குவதாக இல்லை — ஆசிரியர் கவனிக்க.