வேலிகாத்தானுக்கு உரம் போட்டவன்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு முள் மரத்துக்கு இதுவரை கிடைத்த மரியாதையே அதிகம். புத்தகத்தில் சீமைக்கருவேலம், எங்கள் பக்கம் வேலிகாத்தான். அதைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள், பேனர் அடிக்கிறார்கள், கையுறை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன வருஷம் ஒரு கூட்டம் வந்து ஏரிக்கரையில் இருந்ததையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப்போட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனது. ஒரு மழைதான் பெய்தது. வெட்டிய ஒவ்வொரு கட்டையிலும் கொத்துக் கொத்தாகக் கிளை. வந்தவர்கள் மரத்துக்கு முடி வெட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் என் சிநேகிதன் செய்ததை எழுதாமல் விட்டால் அவன் திருந்த மாட்டான்.

ஓரிக்கையில், பாலாற்றை ஒட்டி அவர்களுக்கு ஒரு காணி நிலம். அவன் அப்பா பெரிய காஞ்சிபுரம் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்குப் போன நாளிலிருந்து அதில் ஏர் இறங்கவில்லை. ஏர் இறங்காத இடம் என்றால் இந்த மரம் பாய் விரித்துப் படுத்துவிடும். ஆற்றில் தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை, பள்ளம் மட்டும்தான். அங்கே இது இருக்கிறது. சாயத் தண்ணீர் ஓடும் கால்வாயோரம் அருகம்புல்கூட வராது, இது வரும். நாம் கெடுத்துக் கைகழுவிய இடத்துக்கெல்லாம் இது பட்டா வாங்கிக்கொண்டது. பிறகு தண்ணீரை மரம் குடித்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறோம். மணலை லாரியில் ஏற்றியதும் மரம்தானா?

அப்பா நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்கப் பார்த்தார். சிநேகிதன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, தை வரைக்கும் கொடுங்கள், வெள்ளாமை வைத்துக் காட்டுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். தையில் அது நிலமாக இல்லாவிட்டால் மனைக்கல் நடுவது என்று பேச்சு.

ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினான். விறகை என் லோடு ஆட்டோவில் சாயப் பட்டறைக்கு ஏற்றினேன். பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பில் நன்றாக எரிந்தது. அந்த மரம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இவன் போனில் வீடியோ பார்த்து இயற்கை விவசாயி ஆனவன், உரக்கடைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான். செம்மறி ஆட்டுக் கிடை போட்டான். மந்தையைப் பகலில் மேய்த்துவிட்டு இரவில் நிலத்தில் அடைப்பார்கள், புழுக்கை மண்ணுக்கு எரு. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது கோடை. ஆற்றில் புல்லா இருக்கிறது? பள்ளம் முழுக்க வேலிகாத்தான், அடியில் பழுத்துக் கொட்டிய மஞ்சள் காய். ஆடுகள் அதை மிட்டாய் மாதிரி தின்றன. சதை செரித்துவிடும், விதை செரிக்காது. வயிற்றில் ஊறி, தோல் இளகி, முளைக்கத் தயாராக வெளியே வரும். ஆற்றிலிருந்த காட்டை ஆடு வைத்துச் சுமந்து வந்து, எருவும் கலந்து, காணியில் ஒரு சாண் விடாமல் விதைத்தான் என் சிநேகிதன். போதாததற்கு, பசுந்தாள் உரத்துக்கென்று தக்கைப்பூண்டும் தூவினான். அந்த விதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது.

ஆடி மழைக்கு நிலம் பச்சை பிடித்தது. எங்கு பார்த்தாலும் பொடிப்பொடி இலை. தக்கைப்பூண்டுக்கும் இலை அப்படித்தான் இருக்கும், அதுதான் என்று எல்லோரும் நம்பிவிட்டோம். அவன் நடுவில் உட்கார்ந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். கம்பெனிக்காரர்கள் இதயம் போட்டார்கள். அப்பா அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினாராம். அவனைக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லாமல் போனதில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை என் ஆட்டோவில்தான் அழைத்துப் போனோம். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியவர், குனிந்து ஒரு செடியை இழுத்தார். கையை உதறினார். விரலில் ரத்தப் பொட்டு. இழை விட்ட புடவையைப் பார்ப்பது போலக் காணியை ஒரு முறை பார்த்தார்.

"இன்னாபா இது, பாலாத்தையே தூக்கியாந்து வச்சிக்கிற?"

சிநேகிதனும் குனிந்து ஒரு செடியை இழுத்துப் பார்த்தான். நான் சும்மா இருப்பேனா? வேலிகாத்தானுக்குக் கிடை போட்ட முதல் விவசாயி, சால்வை போட வேண்டும் என்றேன். அப்பா என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"தை வரைக்கும்னு சொன்னது சொன்னதுதான். அப்ப ஒரு முள்ளு என் கால்ல குத்திச்சின்னா, கல்லு நட்ருவேன்."

அன்றிலிருந்து அவன் குந்திக்கொண்டு பிடுங்குகிறான். வேர் இறங்குவதற்குள் பிடுங்கினால்தான் உண்டு. ஏர் ஓட்டியும் பார்த்தான். அடியில் கிடந்த விதை மேலே வந்து, அடுத்த மழைக்கு அதுவும் முளைத்தது. நான் அவ்வப்போது போகிறேன், பெரும்பாலும் சிரிக்க. சிரித்த நேரம் போகப் பிடுங்குவேன்.

இன்று இதை முடித்து, போனில் அவனுக்கு அனுப்பினேன். உன் லட்சணத்தை ஊரே படிக்கப்போகிறது என்றும் சேர்த்துப் போட்டேன். உடனே பதில் வந்தது.

"நீ இத்த எழுதிக்கினு இருந்த நேரத்துல இன்னும் நாலு மொளைச்சிடுச்சி, வந்து குந்து."