மல்லிக் களத்தில் ஒரு தெலுங்கு ஜெபம்

போன மாசியில் நானும் என் கணவர் ஸ்டீபனும் புதூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஐந்து நாள் தங்கினோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, பாடம் படிக்கப் போனோம். கம்போடியாவுக்கு மிஷனெரிகளாகப் போக விரும்பும் தம்பதிகளுக்குக் கோவில்பட்டியில் ஒரு பயிற்சி நடக்கிறது. அதன் கடைசிப் பகுதிதான் இந்த ஐந்து நாள். தெரியாத மொழி பேசும் வீட்டில் விருந்தாளியாக இருக்க வேண்டும். பிரசங்கம் கூடாது, கைப்பிரதி கூடாது, பரிசுப்பொருள் கூடாது, தமிழும் கூடாது. ஒருவர் பாதியில் கிளம்பினாலும் இருவருக்கும் அந்த வருடம் பயணம் இல்லை. அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் சிலர் விவரம் கேட்டார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாத மொழிக்குக் கரிசல் காடு எதற்கு என்று கேட்பீர்கள். இந்தப் பக்கம் பல ஊர்களில் கடையில் தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் போனால் தெலுங்குதான். விமானம் ஏறாமலே வாயடைத்துப் போக இதைவிட வசதியான இடம் கிடையாது.

ஸ்டீபனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பத்து வருடமாக வாலிபர் கூட்டங்களில் பேசுகிறவர். மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டார். நான் நர்ஸ், தேவைக்கு மேல் பேசமாட்டேன். அவருடைய பேச்சில் மயங்கித்தான் கல்யாணத்துக்குச் சரி சொன்னேன்.

காலை ஆறேகாலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினோம். எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து நாகலாபுரம் வழியாகப் போகும் டவுன் பஸ். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஸ்டீபனுக்கு மட்டும் பதினைந்து ரூபாய். எங்கே போகிறோம் என்று கண்டக்டர் விசாரித்தார்.

"தெலுங்கு படிக்கப் போறோம், அண்ணாச்சி," என்றார் ஸ்டீபன்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "துட்டு குடுத்து டிக்கெட் எடுத்தா? நல்லா வருவீய."

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. நாங்கள் தங்கிய வீடு வெங்கட்டம்மா அக்காவுடையது. அவரும் கணவர் ரெங்கசாமி அண்ணாச்சியும் மானாவாரியில் கொத்தமல்லியும் உளுந்தும் போடுகிறவர்கள். அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை.

"மதம் மாத்த வந்திருக்கீயளோ?"

"இல்ல அண்ணாச்சி. பேசத் தெரியாத ஊர்ல எப்படி இருக்கணும்னு பழக வந்திருக்கோம்."

"அப்ப சரி, சாப்பிடுங்க."

அக்கா தட்டை வைத்துக்கொண்டே சொன்னார். "இதுதான் கடைசித் தமிழு. இனிமே தமிழ்ல கேட்டா சோறு கிடையாது. உங்க சாரு அப்படித்தான் சொல்லியிருக்காவ." எங்கள் பயிற்சியாளர் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கடைசிவரை அவரைவிடக் கறாராக விதியைக் காப்பாற்றியவர் அக்காதான். எங்கள் அறைக்குள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள மட்டும் தமிழுக்கு அனுமதி.

அது மல்லி பிடுங்கும் சமயம். வெயில் ஏறினால் மணி உதிர்ந்துவிடும் என்பதால் பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கிவிட வேண்டும். விடிந்ததும் பெண்களோடு நானும் காட்டுக்குப் போனேன். "இதி ஏமி?" என்றால் இது என்ன என்று அர்த்தம். செடி, கல், மம்பட்டி, வெங்கட்டம்மா அக்காவின் மூக்குத்தி என்று எதையும் விடாமல் கேட்டேன். நான் திருப்பிச் சொன்னபோது அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஸ்டீபன் வேறு மாதிரி. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டிப் பார்த்து, பிழை இல்லை என்று உறுதியான பிறகே வாயைத் திறப்பேன் என்று இருந்தார். அவர் கட்டி முடிப்பதற்குள் திண்ணைப் பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் "சாலு." போதும் என்று அர்த்தம், அதுவும் சாப்பிடும்போது.

மூன்றாம் நாள் மத்தியானம் அறைக்குள் நுழைந்ததும், "ஏட்டி, பைய எடு. நாலரை பஸ்ஸுக்குப் போயிருவோம்," என்றார்.

"என்னாச்சு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பேசுததுதான். அதுவும் இல்லன்னா அங்கன போயி நான் என்ன செய்ய? ஆளுகளப் பாத்து முழிச்சிக்கிட்டு நிக்கவா?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், பயம் வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"தப்பாப் பேசுத புருசனோட நான் எங்க வேணாலும் வாரேன். வாயே தெறக்காத புருசனோட வர முடியாது," என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டினார்.

சொல்லிக்கொள்ளாமல் போக முடியாதே. அக்காவைத் தேடிக் களத்துக்குப் போனோம். அடித்துத் தூற்றிய மல்லியைக் குவித்து, மூடையில் அள்ளுவதற்கு முன் பொங்கல் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள். அக்கா ஸ்டீபனைப் பார்த்தார், வானத்தைக் காட்டினார், தெலுங்கில் ஏதோ சொன்னார். உங்கள் சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார் என்பது புரிந்தது.

ஸ்டீபன் பையைக் கீழே வைத்துக் கண்ணை மூடி, "அன்புள்ள" என்று ஆரம்பித்தார். அக்கா அகப்பையை ஆட்டினார். தமிழ் கூடாது.

ஸ்டீபன் தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "நீள்ளு மஞ்சிதி. கூடு மஞ்சிதி. அக்கா மஞ்சிதி." தண்ணீர் நல்லது, சோறு நல்லது, அக்கா நல்லது. அடுத்து என்ன கேட்பது? வானம் பார்த்த பூமியில் வேறு எதைக் கேட்க? கையை மேலே தூக்கினார்.

"வானா, ரா! வானா, ரா!" மழையே வா.

களமே அலறியது. "வத்து! வத்து!" வேண்டாம், வேண்டாம். ஒரு பெண் முந்தானையை விரித்துக் குவியலை மறைத்தாள். திறந்த வெளியில் கிடக்கும் மல்லியில் இப்போது மழை பெய்தால் மணி கறுத்து, வருடப்பாடு அத்தனையும் போய்விடும்.

அக்கா அகப்பையை வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். மழை இப்போது வேண்டாம். மல்லி வீட்டுக்குப் போகட்டும். ஐப்பசியில் வா. ஸ்டீபன் கையைத் தூக்கியபடியே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு. திருத்தினார்கள். ஆமென் சொன்னார். அதற்குத் திருத்தம் இல்லை.

பொங்கல் சாப்பிடும்போது அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. தூரத்து ரோட்டில் நாலரை பஸ்ஸின் ஹாரன் லேசாகக் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஆட்டிடம்கூடத் தெலுங்கு பேசினார். கிளம்பும் அன்று தடை நீங்கியதும் அக்கா தமிழில் என்னிடம் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் பேசுதது எந்த ஊர்த் தெலுங்குன்னே தெரியல. ஆனா அவிய பேசினா வேலைய விட்டுட்டு நின்னு கேக்கணும் போல இருக்கு."

போகிறவர்களுக்குச் சில தகவல். மழைக்காலத்தில் போக வேண்டாம். நனைந்த கரிசல் செருப்பைப் பிடித்தால் விடாது, பைக் சக்கரமே சுற்றாது. கோவில்பட்டியில் இறங்கியதும் கடலைமிட்டாய் வாங்கக் கை அரிக்கும், வாங்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைவதும் பாடம்தான். சாப்பாட்டுச் செலவைப் பயிற்சி மையமே பார்த்துக்கொள்ளும். இருவருக்கும் போக்குவரத்துக்கு முந்நூறு ரூபாய் தாராளம். மற்றபடி, நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தயாராக வேண்டும். தப்பாகப் பேசிப் பழகாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் நரகம்.

எங்களை அனுப்ப முடிவாகிவிட்டது. விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஸ்டீபன் கம்போடிய மொழி சொல்லித்தரும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா சிரிப்பது எனக்கே கேட்கிறது. ஒரு வாக்கியம்கூட முழுசாக வரவில்லை. மனுஷன் நிறுத்தவே இல்லை.