உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்

அவளுக்கு ஊரில் நெருப்புக்கோழி என்று பெயர். கழுத்து நீளமென்று பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம் அது. ஐம்பத்தைந்து வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் கழுத்தல்ல, கோபம். ஆபத்து வந்தால் நெருப்புக்கோழி தன் தலையை மண்ணுக்குள் விடும் என்பார்கள். இவள் அடுத்தவர் தலையை விடுவாள். அவள் கோபப்பட்ட விஷயங்களில் முக்கால்வாசிக்கு நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. அதனாலேயே யாராலும் அவளை மன்னிக்க முடியவில்லை.

கணவர் பல் மருத்துவர், சாது. பகலெல்லாம் பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசிவிட்டு, மாலையில் பதிலை மட்டுமே சொல்கிற ஒருத்தியிடம் திரும்புவார். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு காலத்தில் சொத்தைப்பல்லின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று தொங்கியது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அதைக் கழற்றி வீசினாள். வலியோடு வருகிறவனுக்கு வலியையே படம் போட்டுக் காட்டுவீர்களா என்று கேட்டாள். அந்த இடத்தில் தன் தம்பி வரைந்த படத்தை மாட்டினாள்.

தம்பி ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவன். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியன். அவன் படத்துக்குப் பக்கத்தில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் படங்களும் வந்து சேர்ந்தன. பல் மருத்துவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே ‘ஓவியக் காட்சிக்கூடம்’ என்று இன்னொரு பலகை முளைத்தது. நாளடைவில் பல்வலி இல்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலர் வந்த கையோடு பல்லையும் காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கூடத்தில் யாரும் நின்று படம் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் உட்காருவார்கள், தங்கள் முறை வரும்வரை எதிர்ச்சுவரைப் பார்ப்பார்கள். ஆகவே படம் மாட்டுவதற்கு அக்காவும் தம்பியும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்காருவாள். தம்பி படத்தைச் சுவரோடு பிடித்து மெல்ல இறக்குவான். “இன்னும்… இன்னும்… நிறுத்து” என்று அவள் சொல்லும் இடத்தில் ஆணி இறங்கும். உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராகப் படம். இருபது வருஷமாக இதுதான் அளவு.

தம்பி வரைந்ததிலேயே பெரியது ‘காத்திருப்பவர்கள்’. அதே கூடத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், கிட்டத்தட்ட ஆள் அளவில். எதிரே உட்கார்ந்தால் அவர்கள் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும் போலிருக்கும். கன்னம் வீங்கிய ஒருவர் ஒருமுறை அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “எனக்கு முன்னாடி இத்தனை பேரா?” என்று எழுந்து போய்விட்டார். மருத்துவருக்கு ஒரு நோயாளி நஷ்டம். தம்பிக்கோ அதைவிடப் பெரிய பாராட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

தலைநகரத்தில் வருஷாவருஷம் நடக்கும் சமகாலக் கலைச் சந்தையில் சிற்றூர்க் கூடங்களுக்கும் அந்த வருஷம் இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிக்கு ‘விளிம்பிலிருந்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அழைப்பைப் படித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டது.

“யாரோட விளிம்பு? நம்ம ஊருக்கு நாலு பக்கமும் ஊருதானே இருக்கு?”

ஆனாலும் போனாள். தேசிய அருங்காட்சியகத்தின் தேர்வாளர் அந்தச் சந்தைக்கு வந்து தங்கள் நிரந்தரச் சேகரிப்புக்கு ஒரு படைப்பை எடுப்பது வழக்கம். தம்பிக்கு ஐம்பது ஆகப்போகிறது. வாய் வீங்காதவர்கள் பார்க்கும் ஓர் இடத்தில் அவன் படம் ஒன்றாவது தொங்கிவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

பெரிய கொட்டகையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவர்களுக்கு மூன்று சுவர் கொடுத்திருந்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. சந்தையின் தச்சர்தான் கொக்கி வைப்பார். படம் வந்த மரப்பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்தாள். தம்பி பிடித்தான். “இன்னும்… இன்னும்… நிறுத்து.” தச்சர் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கொக்கி வைத்தார். வேலை முடிந்ததும் ஆட்கள் வந்து மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. உட்கார ஒரு நாற்காலி இல்லை. சுவர் கொடுக்கிறவன் நாற்காலி கொடுக்கமாட்டானா என்று இருவருமே நினைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் முதுகை வளைத்து, இடுப்பில் கை வைத்து, கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி படம் பார்த்தார்கள்.

அரங்க மேற்பார்வையாளரிடம் போய் நாற்காலி கேட்டாள். இளைஞன், மகா மரியாதைக்காரன். நடைபாதையில் நாற்காலி போட்டால் தீ விபத்தின்போது இடைஞ்சல் என்றான். தீ இப்போதே பிடித்துக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. அப்படியானால் படத்தையாவது உயர்த்திக் கொடு என்றாள். காலையில் தச்சரை அனுப்புவதாகச் சொல்லி நன்றியும் சொன்னான். எதற்கு நன்றி என்று அவள் கேட்டதற்கும் நன்றி சொன்னான்.

மறுநாள் காலை சந்தையின் செய்தித்தாளில் ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். நம்மைத் தலைகுனிய வைக்கும் சிற்றூர்க் கூடம் என்று தலைப்பு. வறியவர்கள் கீழிருந்து நம்மை அண்ணாந்து பார்க்கிறார்கள், நம் முதுகு தானாக வளைகிறது, படத்தைத் தாழ்த்தி மாட்டியது நம் ஆணவத்துக்கு எதிரான கலகம் என்று பத்தி பத்தியாக இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வறியவர்களாம். பெஞ்சின் ஓரத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடைக்காரர். வரிசையின் நடுவில் இருப்பவர் தம்பி பள்ளியின் தலைமையாசிரியை. அந்த அம்மாள் யாரையும் அண்ணாந்து பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

கழிப்பறைக்குப் போகிற வழி அன்று தேரோடும் வீதியானது. தச்சர் மட்டும் வரவில்லை. மேற்பார்வையாளரைப் பிடித்து உலுக்கியதில், உங்கள் தம்பிதான் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றான்.

தம்பி கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். ஒரே காலையில் அவனுக்கு ஒரு புது வாயே முளைத்திருந்தது. குனிதலின் அரசியல் என்றான். பார்வையின் படிநிலை என்றான். பள்ளியில் பென்சில் சீவச் சொல்லித்தருகிறவன்தானா இவன் என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

“யாருடா கலகம் பண்ணினது? நாற்காலி இல்லாம முழிச்சது கலகமா?”

“மெதுவா பேசுக்கா. தேர்வாளர் சாயந்திரம் வர்றாங்க. செய்தித்தாளப் படிச்சிட்டு, முதல்ல நம்ம படத்தத்தான் பாக்கணும்னு சொன்னாங்களாம்.”

“அதுல இருக்கிறவங்க யார்கிட்டயும் கெஞ்சலடா. பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான். வரைஞ்சவன் நீ. உனக்கே மறந்துபோச்சா?”

“எனக்கு மறக்கல. ஆனா இருபது வருஷம் பக்கத்துல உக்காந்தவங்க யாரும் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகலையே.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வாயமூடிட்டு இரு. எனக்காக.”

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும். குனிகிறவர்களைப் பார்த்தாள். குனிந்து, முகத்தைச் சோகமாக்கி, நிமிர்ந்து, அடுத்த சுவருக்குப் போனார்கள். ஜவுளிக்கடைக்காரருக்காக ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அக்கா பல்லைக் கடித்தாள். இந்த வயதில் அது கூடாது என்று கணவர் எச்சரித்திருக்கிறார்.

சாயங்காலம் தேர்வாளர் வந்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை, நல்ல கண்கள். தன் கால்களை வெறுத்துக்கொண்டே நடப்பவர் போல நடந்தார். மற்றவர்களைவிட அதிகநேரம் குனிந்தார். நிமிர்ந்து, இந்தப் படத்தை எடுப்பதாக ஏறக்குறைய முடிவு செய்துவிட்டதாகவும், அருங்காட்சியகத்திலும் இதே தாழ்ந்த உயரத்தில்தான் மாட்டப்போவதாகவும் சொன்னார். எதிரே எதுவும் இருக்காது, வெறும் தரைதான். வருகிறவர்கள் எல்லாரும் குனிய வேண்டும்.

தம்பியின் முகம் மலர்ந்தது. அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வை வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டது.

அவசர வழிக் கதவருகே காவலாளியின் இரும்பு நாற்காலி இருந்தது. காவலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவள் விடுவிடென்று போனாள், தூக்கினாள், படத்துக்கு எதிரே கொண்டுவந்து போட்டாள். மேற்பார்வையாளன் ஓடிவந்தான்.

“மேடம், தீ விதிமுறை…”

“தீ வந்தா நானே சொல்றேன்ப்பா.” தேர்வாளர் பக்கம் திரும்பினாள். “உக்காருங்கம்மா. இது உக்காந்து பாக்கிற படம். எங்க ஊர்ல நாற்காலி போட்டிருப்போம். இங்க தரல. தப்பு எங்க பேர்ல. கலகமும் இல்ல ஒண்ணும் இல்ல.”

தேர்வாளர் உட்கார்ந்தார். அந்தக் கால்களுக்கு அது நாள் முழுக்கக் கிடைக்காத சுகமாக இருந்திருக்க வேண்டும். படத்தில் இருந்தவர்கள் நேருக்கு நேர் அவரைப் பார்த்தார்கள். யாரும் கெஞ்சவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை, நீ யார் நடுவில் புகுந்தது என்பதுபோல் முறைத்தார். தேர்வாளர் தன்னை அறியாமல் முழங்காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

“நல்ல படம்மா,” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “ஆனா இப்படிப் பாத்தா வெறும் நல்ல படம்.”

அன்று மாலையே வேறொரு கூடத்திலிருந்து உடைந்த குடைகளின் குவியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் தம்பி பேசவில்லை. ஊருக்கு வந்தும் பேசவில்லை. சாப்பிட வந்தால் மாமாவிடம் பேசினான். மாமா இருவருக்கும் நடுவில் தபால்காரர் ஆனார். அவள் கோபமும் ஆறவில்லை. விமர்சகர், மேற்பார்வையாளன், அந்த நல்ல கண்கள் என்று ஒவ்வொன்றாகத் திட்டித் தீர்த்தாள். தம்பி கெஞ்சிய பார்வையில் வந்து நிற்கும்போது மட்டும் திட்டு தடுக்கியது.

படத்தைத் திரும்ப மாட்ட ஒற்றை ஆளால் முடியாது. கூப்பிடாமலேயே வந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பிடித்து இறக்கினான். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

“நீ சொன்னது தப்புன்னா உன்ன மன்னிச்சிருப்பேன்,” என்றான் சுவரிடம். “நீ சரியாத்தான் சொன்ன. அதுதான் எனக்கு ஆறவே இல்ல.”

உள்ளே கணவரின் இயந்திரம் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்தது.

“இன்னும்,” என்றாள். “இன்னும்.”

அவன் இறக்கினான்.

“நிறுத்து.”

ஆணியை அவளே எழுந்து அடித்தாள். தேவைக்கு அதிகமாகவே அடித்தாள்.