சிவப்பு நாடா கட்டிய கன்றுகள்

உரம் போட்டால் கன்று குட்டையாகும் என்று ஒரு பகல் முழுக்க நம்பியவன் நான். சம்பளம் வாங்கிக்கொண்டே நம்பினேன்.

செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றங்காலில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். சுங்கை பட்டாணியில் இரண்டு நாள் புள்ளியியல் பயிற்சி முடித்து வந்ததும், புது உரம், எஸ்டேட் பேச்சில் பாஜா, பலன் தருகிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார் மேனேஜர். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பயிற்சியில் சொன்னபடி நூறு கன்றுப் பைகளில் எண் எழுதி, உயரம் அளந்து, சீட்டுக் குலுக்கி ஐம்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவற்றுக்குச் சிவப்பு நாடாவும் புது உரமும். மற்றவற்றுக்குப் பழைய உரம். உரம் வைப்பது சரோஜா அக்காவின் வேலை.

ஆறு மாதம் கழித்து அளந்தால், நாடா கட்டியவைதாம் குட்டை. இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்றது கணினி. மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

மேனேஜருக்குக் குழப்பமே இல்லை. "பாஜாவ கன்னுக்கு வைக்காம சரோஜா வெளிய வித்துட்டா லா. மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு பிடி வெளிய போகல தம்பி. நாடாவத்தான் மொத நாளே மாத்திக் கட்டினேன்."

"எதுக்குக்கா?"

"நீ பாட்டுக்கு நல்லா நிக்கிற கன்னுக்கெல்லாம் கட்டிட்டுப் போயிட்ட. நோஞ்சான் எல்லாம் சும்மா நிக்குது. சீக்குக்குத்தானே மருந்து?"

கோபம் வந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல். கடைசியில் அளந்தபோது எதற்கு எந்த உரம் என்பதை நாடாவைப் பார்த்தே எழுதினேன். குலுக்கிய பட்டியலோடு எண்ணை ஒருமுறைகூட ஒத்துப்பார்க்கவில்லை. முதல் நாள் உயரங்களை எழுதிய புத்தகத்தைப் புரட்டினேன். இப்போது நாடா இருந்த ஐம்பதும் முதல் நாளிலேயே குட்டைகள்.

மேனேஜரிடம் காட்டினேன்.

"சரி, அவ இருக்கட்டும். அப்ப பாஜா வேலை செய்யுதா இல்லியா?"

"தெரியல சார்."

உண்மையிலேயே தெரியவில்லை. அந்தக் குட்டைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகத்தான் வளர்ந்திருந்தன. உரத்தால் வளர்ந்தனவா, நோஞ்சான்கள் தாமாகத் தேறினவா, பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆறு மாத வேலை வீண்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பலன் என்ன என்று கேட்கும் முன், யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் அவர்களுக்கு என்று கேளுங்கள். கணினிக்கு அது தெரியாது. சரோஜா அக்காவுக்குத் தெரியும்.

மறு சோதனைக்கு அக்காவையே சீட்டு எடுக்கச் சொன்னேன். முதல் சீட்டில் வந்தது வரிசையிலேயே வாட்டசாட்டமான கன்று. பக்கத்து நோஞ்சானைப் பார்த்துக்கொண்டே அதற்கு நாடா கட்டினார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் மாற்றிக் கட்டச் சொல்லவில்லை.