எட்டுப் பேர், 544 கிலோ

கதவு மூடுமுன் அவர் தலைகளை எண்ணுகிறார். விரல் நீட்டுவதில்லை, மோவாயால் எண்ணுகிறார். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, "என்னையும் சேத்து எட்டு" என்கிறார். ஒன்பதாவது ஆள் யாரானாலும் வெளியேதான். "ஒருத்தர் எறங்கினா ஒருத்தர் ஏறலாம். வேற வழியில்ல சார்."

நிதித்துறைக் கட்டடத்தின் லிஃப்டை அவர் இருபத்தாறு ஆண்டுகளாக இயக்குகிறார். அங்கே அவர் பெயரே 'எட்டு'. எதிரில் ஆவண அறையில் முப்பத்தோரு ஆண்டு இருந்தவன் நான். பழைய கோப்பு காணாமற்போனால் இன்றும் கூப்பிடுகிறார்கள். ஒன்பது பேரோடு அந்த லிஃப்ட் ஒருமுறைகூட நகர்ந்ததில்லை. ஓர் அமைச்சர் படியேறிப் போன தேதி என்னிடம் இருக்கிறது.

முன்பு அதற்குக் கைப்பிடி இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பொத்தான் வந்தது. யாரும் அழுத்தலாம் என்றாயிற்று. அவர் தன் முக்காலியைப் பொத்தான் பலகைக்கு முன்னால் நகர்த்தி, தோளால் அதை மறைத்து உட்கார்ந்துகொண்டார். நாம் மாடியைச் சொல்ல வேண்டும். அவர் அழுத்துவார்.

நான்கு மாதமாக ஐந்தாம் மாடியில் ஒரு குழு கூடுகிறது. அரசு எந்த ஆண்டும் வரவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று சட்டம் போடலாமா என்பது கேள்வி. 'எட்டு' சட்டத்தின் பக்கம். வெள்ளம் வந்தால், வேலை இல்லாமல் ஊரே உட்கார்ந்திருந்தால், அரசு கடன் வாங்காமல் எப்படிச் சமாளிக்கும் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இரண்டு மாடி தூரம் அவருக்கு விளக்கினார்.

"வாங்குங்க சார், வேணாம்னு சொல்லல. நீங்க மூணுல எறங்கிடுவீங்க. அஞ்சு வரைக்கும் போறவன்தானே சுமக்கணும்?"

பேராசிரியர் மூன்றில்தான் இறங்கினார்.

சட்டம் வந்தால் முதலில் ரத்தாகும் பணியிடங்களுக்கு ஒரு பட்டியல் தயாரானது. முதல் வரி, லிஃப்ட் ஆபரேட்டர். அவருக்கு ஓய்வூதியத்துக்குப் பத்தொன்பது மாதம் பாக்கி. அந்த வரியைத் தட்டச்சு செய்தவர் அவர் மனைவி. இரண்டாம் மாடியில் வேலை.

"கழுத்த நீட்டறது போதாதுன்னு கத்தியையும் இவரே தீட்டிக் குடுக்கறாரு. வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்கண்ணே" என்றார் என்னிடம்.

சொன்னேன். "எனக்கு மட்டும் ஒம்பதாவது எடம் போடச் சொல்றீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு நான்கை அழுத்தினார்.

போன செவ்வாய், பிற்பகல் 2.54. தரைத்தளம். உள்ளே சட்டத்துக்காக வாதாடும் குழு உறுப்பினர்கள் ஆறு பேர், நான், அவர். கதவு மூடப்போகையில் ஓர் அதிகாரி காலில் மாவுக்கட்டோடு நொண்டி வந்தார். கையில் அந்தப் பட்டியல். மூன்று மணிக்குள் அவரே நேரில் குழுவின் முன் வைக்காவிட்டால் சட்டமே இரண்டு ஆண்டு தள்ளிப்போகும்.

"எட்டு ஆயிடுச்சு சார். ஒருத்தர் எறங்கினா…"

சிக்கனத்தைப் பற்றி அந்த ஆறு பேரும் பேசியது அச்சில் நூற்றுப்பன்னிரண்டு பக்கம். ஆறு பேரும் கதவுக்கு மேலே ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

அவர் சும்மா இருந்திருந்தால் போதும். கதவு தானாக மூடியிருக்கும், பத்தொன்பது மாதமும் ஓடியிருக்கும். எழுந்தார். அதிகாரியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து தன் முக்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய் நின்றார். மோவாயால் எண்ணினார். நெஞ்சைத் தொடவில்லை.

உறுப்பினர் ஒருவர் பொத்தானை நோக்கி விரல் நீட்டினார். அதற்குள் அவர் வெளியிலிருந்தே கையை உள்ளே விட்டு, ஐந்தை அழுத்தினார்.