பதினோரு ஹார்னெஸ்களைப் பிரித்த பூங்கோதை

ஹவுராவில் வண்டிகளுக்கு ஒயரிங் ஹார்னெஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பூங்கோதை பதினான்கு வருஷமாக டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஹாரனுக்கும் ஓடுகிற ஒயர்களை ஒரே கட்டாகக் கட்டினால் அதுதான் ஹார்னெஸ். கணவர் மணிவேலுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து விழுப்புரத்திலிருந்து வந்தபோது அவளுக்கு வங்காளத்தில் தண்ணீருக்கான 'ஜல்' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். இப்போது லைனில் இருக்கும் நாற்பது பெண்களுக்கும் அவள் 'கோதா தி', அதாவது கோதை அக்கா. அவர்களுக்குள் சண்டை வந்தால் வங்காளத்திலேயே அதட்டி அடக்குவதும் அவள்தான்.

போன ஜூன் மாதம் வேன் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. வெயிலில் ஓடிய சரக்கு வேன்களில் டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, ஒயர் வெளியே தெரிந்ததாம். கழற்றி அனுப்பிய பதினோரு ஹார்னெஸ்களோடு ஒரு கடிதமும் இருந்தது. மூன்று வாரத்தில் சரியான சாம்பிள் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். ஆர்டர் போனால் லைனும் போய்விடும்.

தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் ஜம்புநாதன் சென்னையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொல்கத்தா நியூ டவுனில் வீடு. மேசை மேல் டேப் சுருள்களை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றோடும் வந்த தாள்களைப் படித்தார். அன்று மதியமே முடிவு சொன்னார்.

"ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் துணி டேப். நூத்தம்பது டிகிரி தாங்கும். முடிஞ்சுது."

"சார், திரும்பி வந்ததை யாராவது பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"கெட்டுப்போனதுல பாக்க என்ன இருக்கு?"

"எங்க கெட்டிருக்குன்னு பாக்கணுமில்ல சார்."

அவருக்குச் சுருக்கென்றது. "டேப் சுத்தறது உங்க வேலைம்மா. எதைச் சுத்தணும்னு சொல்றது என் வேலை."

சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. பூங்கோதைக்குக் காது மடல் சுட்டது. நேராக முதலாளி சென்குப்தாவின் அறைக்குப் போனாள். "பாபு, எனக்கு அரை நாளும் அந்தப் பதினோரு ஹார்னெஸ்ஸும் கொடுங்க" என்று வங்காளத்தில் கேட்டாள். அவர் சரியென்று தலையாட்டினார்.

பதினொன்றையும் தரையில் வரிசையாகப் படுக்கவைத்து, கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தாள். கெட்ட இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனாள். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது விஷயம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. பசை உருகியது எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான், இன்ஜினை ஒட்டிய ஒரு கை நீளத்தில். ஆறு ஹார்னெஸ்களில் கதவு மடங்கும் இடத்தில் டேப் உராய்ந்து வெளுத்திருந்தது. வேனின் அடிப்பகுதியில் ஓடிய பாகத்தில் மட்டும், இதுவரை சுற்றிவந்த பழைய பிவிசி பிளாஸ்டிக் டேப் அசையவே இல்லை. மேலே சேறு அப்பியிருந்தும் உள்ளே ஒயர் உலர்ந்திருந்தது.

அத்தோடு விடவில்லை. ஜம்புநாதன் தேர்ந்தெடுத்த துணி டேப்பை ஒரு துண்டு ஒயரில் சுற்றி, ஒரு நுனியை வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்தாள். சாயங்காலத்துக்குள் ஈரம் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

ஜம்புநாதனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பதினோராவது வரைக்கும் போனார்.

"மழைக் காலத்துல மொத்தமும் திரும்பி வந்திருக்கும்," என்றார் மெதுவாக. "நான் சொன்னது தப்பு. நீங்க சொல்லுங்க, எங்க எதைச் சுத்தலாம்?"

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். அடிப்பகுதிக்குப் பழைய பிவிசி. கதவு மடங்கும் இடத்துக்கு மெல்லிய துணி டேப். டாஷ்போர்டுக்குப் பின்னால் கடகட சத்தம் வராமலிருக்கப் பஞ்சு போல மெத்தென்ற டேப். இன்ஜின் பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் கனத்த துணி டேப். அதில் மட்டும் இரண்டு கம்பெனிச் சரக்கு போட்டியில் இருந்தது. தாளில் இரண்டுக்கும் ஒரே எண்கள். இரண்டையும் சுற்றிப் பத்து நாள் சூட்டுப்பெட்டியில் நூற்று இருபத்தைந்து டிகிரியில் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது ஒன்றின் நுனி பிரிந்து நாக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதைப் பூங்கோதை கம்பியில் வளைத்தாள், நகத்தால் கிளப்பப் பார்த்தாள். அசையவில்லை.

"இதுதான் சார்."

வேன் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்த அன்று லைனில் ஒரு கையும் ஓடவில்லை. அவர் வளைத்தார், சுரண்டினார், வெந்நீரில் முக்கினார், பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் நிமிர்ந்து, "ஒரே ஹார்னெஸ்ஸில் நாலு டேப்! யார் யோசனை?" என்று கேட்டார்.

ஜம்புநாதன் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். "இவங்க. பூங்கோதை."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். ஆர்டர் போகவில்லை என்பது மட்டுமல்ல, அவர்களுடைய அடுத்த மாடல் வேனுக்கும் இங்கேதான் ஹார்னெஸ் என்று அங்கேயே சொன்னார். சென்குப்தா அதை வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள் லைனில் யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அடுத்த நொடி நாற்பது பேரும் சேர்ந்துகொள்ள, தகரக் கூரை அதிர்ந்தது. பூங்கோதை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது எந்தப் புது டேப் வந்தாலும் அவள் சோதிக்காமல் லைனுக்குப் போகாது. அந்தப் புது மாடல் வேனின் ஹார்னெஸ் வரைபடத்தில் 'டேப் தேர்வு' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "தமிழ்ல போடலாமா சார்?" என்று கேட்டாள்.

"பெரிசாவே போடுங்க," என்றார் ஜம்புநாதன்.

கட்டத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பெரிதாகத்தான் போட்டாள்.