வெலிகா ‘ஆபத்தில்லை’ என்று எழுதிய வீடு

மாசிடோனியா மலைகளுக்கு நடுவே எங்கள் ஊரில் ஈய உலையை மூடிப் பதினாறு வருடம் ஆகிறது. தூசி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. மாலை வெயிலில் அது ரோஜா நிறத்தில் மிதக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு, நாசமாய்ப் போக.

அந்தத் தூசியால் குழந்தைகளுக்கு எவ்வளவு ஆபத்து என்று அளப்பது சுகாதார அலுவலகத்து வெலிகாவின் வேலை. ஈரத் துணியால் வீட்டுத் தரையைத் துடைத்து ஆய்வுக்கு அனுப்புவாள். அவள் வருவதற்கு முந்தைய நாளே, நாளைக்கு வருகிறேன் என்று சீட்டு வந்துவிடும். விருந்தாளி வரும்போது வீட்டை அழுக்காக வைத்திருக்க இந்த ஊரில் எவளுக்கு மனசு வரும்? சனிக்கிழமைதோறும் கம்பளங்களை முற்றத்துக் கம்பியில் போட்டு அடிப்பவள் நான்; சீட்டு வந்தால் இன்னொரு தரம் அடிப்பேன். வெலிகா காபியும் ஒரு கரண்டி அத்திப் பாகும் சாப்பிட்டுவிட்டு, ‘ஆபத்தில்லை’ என்று எழுதிப் போவாள். எனக்குப் பெருமை தாங்காது.

இந்த வசந்தத்தில் என் நான்கு வயது மகள் கலினாவைப் பரிசோதித்ததில், ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடிய அளவைப்போல் இரண்டு மடங்கு என்று வந்தது. வெலிகாவிடம் போய், இத்தனை வருடமாக என்னத்தைக் கிழித்தாய் என்று கத்தினேன்.

அந்தச் சனிக்கிழமை சீட்டில்லாமல் வந்து நின்றாள். வீடு போட்டது போட்டபடி கிடந்தது. எனக்கு மானமே போயிற்று. துடைப்பத்தைத் தேடினேன்.

“எனக்காக ஒண்ணும் செய்யாத. நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. நான் கலினா பின்னாடியே சுத்துறேன்” என்றாள்.

முற்றத்தில் இறங்கிக் கம்பளம் அடிக்க ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் கம்பளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெலிகா கூப்பிட்டாள். இரண்டு சிவப்புக் கம்பளங்களுக்கு நடுவே, வெயில் சிவந்து இறங்கும் இடத்தில் கலினா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு வெலிகா. தூசி மெல்ல இறங்கியது. குழந்தை நாக்கை நீட்டி அதைப் பிடித்தாள்.

“அம்மா, இன்னும் அடி. பனி நின்னுடுச்சு.”

அடிக்கிற கோலை எறிந்துவிட்டு அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். “நான்தான் குடுத்தேனாக்கா?”

“நீ குடுத்தத ஆபத்தில்லைன்னு எழுதினது நான்” என்றாள் வெலிகா.

இப்போதெல்லாம் அவள் எந்த வீட்டுக்கும் சொல்லாமல்தான் போகிறாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், காபி தருவதில்லை.

ரத்தத்தில் ஏறியது மெதுவாகத்தான் இறங்குமாம். சனிக்கிழமைகளில் கலினா வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “பனி ஏன் இல்ல? என் மேல கோவமாம்மா?” என்று கேட்கிறாள்.